பதற்றத்துக்கு வாசனை எண்ணெய்: மூக்கு எவ்வளவு உதவும், பாட்டில் எங்கே ஏமாற்றும்

பெங்களூரில் 'லாவெண்டர்' என்று எழுதிய பாட்டில் மூன்று விதமாகக் கிடைக்கிறது. மால் கடையில் 10 மில்லி பல நூறு ரூபாய். சிக்பேட், அவென்யூ ரோடு பக்கம் போனால் அதே காசுக்கோ அதற்கும் குறைவாகவோ 100 மில்லி. செயலியில் ஆர்டர் செய்தால், வாசனையை அறையில் பரப்பும் கருவியான டிஃப்யூசரோடு சேர்த்து, 'ஸ்ட்ரெஸ் ரிலீஃப்' என்ற பெயரில் ஆறு குப்பிகள் வீடு வந்து சேரும். இதற்கு மேல் வாட்ஸாப்பில் ஒருவர் நெற்றியில் தடவச் சொல்கிறார், இன்னொருவர் வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டுக் குடிக்கச் சொல்கிறார், மூன்றாமவர் தூக்க மாத்திரையையே நிறுத்திவிடலாம் என்கிறார்.

குழப்பத்துக்குக் காரணம், தனித்தனியான மூன்று கேள்விகளை ஒன்றாகப் போட்டுப் பிசைந்துவிட்டதுதான். வாசனை மனதை அமைதிப்படுத்துமா? பதற்ற நோயைக் குணப்படுத்துமா? கையில் இருக்கும் பாட்டிலில் அந்த எண்ணெய்தான் இருக்கிறதா? முதல் கேள்விக்கு 'சிலருக்கு, சற்று நேரத்துக்கு, ஆமாம்' என்பது பதில். இரண்டாவதற்கு 'இல்லை'. மூன்றாவதற்கு 'பெரும்பாலும் சந்தேகம்தான்'. இந்தப் பதில்கள் எப்படி வந்தன என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

பாட்டிலுக்குள் இருப்பது என்ன

வாசனை எண்ணெய், அதாவது எசென்ஷியல் ஆயில் என்பது நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் போலக் கொழுப்பு அல்ல. செடியின் பூ, இலை, வேர், தோல் ஆகியவற்றில் இருக்கும், காற்றில் எளிதில் ஆவியாகும் வேதிப்பொருள்களின் கலவை. பெரும்பாலானவற்றை நீராவியில் வாற்றி எடுப்பார்கள். ஆரஞ்சு, எலுமிச்சை, பெர்கமோட் போன்ற சிட்ரஸ் வகைகளில் தோலை அழுத்திப் பிழிவார்கள். வெட்டிவேருக்கு வேரை மணிக்கணக்கில் நீராவியில் வைக்க வேண்டும். எண்ணெய் மெதுவாகத்தான் வெளியே வரும்.

மல்லிகை நீராவியைத் தாங்காது. கரைப்பானில் ஊறவைத்து முதலில் மெழுகு போன்ற 'கான்கிரீட்' எடுத்து, அதை ஆல்கஹாலில் கழுவி 'அப்சல்யூட்' ஆக்குகிறார்கள். தமிழகத்து மல்லி இப்படித்தான் உலக வாசனைச் சந்தைக்குப் போகிறது. ஆகவே 150 ரூபாய் லேபிளில் 'நீராவியில் வாற்றிய மல்லிகை எண்ணெய்' என்று போட்டிருந்தால் அந்த வரியே பொய்.

செறிவும் முக்கியம். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு ஏறக்குறைய நான்கு டன் இதழ் வேண்டும். 'இயற்கையானதுதானே' என்று உள்ளங்கையில் ஊற்றிக்கொள்ளும் பொருள் அல்ல இது.

ஒவ்வொரு எண்ணெய்க்கும் குணத்தைத் தருவது அதிலுள்ள சில மூலக்கூறுகள். லாவெண்டரில் லினலூல், லினலைல் அசிடேட் இரண்டும் முக்கியம். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் லிமோனின். நீலகிரித் தைலம் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ் எண்ணெயில் பெரும்பங்கு சினியோல். இந்தப் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பலனும் ஆபத்தும் இவற்றிலிருந்துதான் வருகின்றன.

கடையில் ஒரே பெயரில் விற்கப்படும் மூன்று பொருள்கள்:

1. வாற்றியெடுத்த அசல் எண்ணெய். லேபிளில் செடியின் தாவரவியல் பெயர் இருக்கும். லாவெண்டர் என்றால் 'லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா'.
2. ஃபிராக்ரன்ஸ் ஆயில். ஆய்வகத்தில் சேர்த்த வாசனையை டி.பி.ஜி., டி.ஈ.பி. போன்ற கரைப்பானில் கலந்தது. ஊதுபத்தித் தொழிலுக்குப் பேர்போன பெங்களூரில் இது லிட்டர் கணக்கில் புழங்குகிறது. பத்திக்கு ஏற்ற சரக்குதான். தோலுக்கும் நுரையீரலுக்கும் என்று செய்யப்பட்டதல்ல.
3. ஏற்கெனவே தேங்காய் எண்ணெயிலோ பாதாம் எண்ணெயிலோ கலந்த ரோல்-ஆன் வகை. தடவலாம், டிஃப்யூசரில் போடக் கூடாது. கொழுப்பு ஆவியாகாது, கருவி அடைத்துக்கொள்ளும்.

மூக்கிலிருந்து மூளைக்கு

மனித மூக்கில் சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள் இருக்கின்றன. இவற்றுக்கான மரபணுக்களைக் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவருக்கும் 2004இல் மருத்துவ நோபல் கிடைத்தது. பார்வை, ஒலி, தொடுகை எல்லாம் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாக மூளையின் மேலடுக்கான புறணிக்குப் போகும். வாசனை மட்டும் மூக்குக்கு மேலே மூளையடியில் உள்ள நுகர்முகிழிலிருந்து அமிக்டலாவுக்கு நேராகவே போய்விடும். பயத்தையும் உணர்ச்சி நினைவையும் கையாளும் பகுதி அது. மரிக்கொழுந்து வாசம் பட்டதும், யோசிக்கும் முன்பே ஒரு கல்யாண வீடு கண்முன் வருவது இதனால்தான்.

வாசனை பதற்றத்தைக் குறைப்பதற்கு மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன.

1. பழக்கத் தொடர்பு. நிம்மதியாக இருந்த வேளைகளில் முகர்ந்த வாசனை, பிறகு தனியாக வந்தாலும் அந்த நிம்மதியின் ஒரு பகுதியை இழுத்து வரும். இது லாவெண்டராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சாம்பிராணியோ வெட்டிவேரோகூடப் போதும்.

2. மூலக்கூறின் நேரடி விளைவு. 2018இல் ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழக ஆய்வில், லினலூல் ஆவியை முகர்ந்த எலிகளின் பதற்ற நடத்தை குறைந்தது. முகரும் திறனை அழித்த எலிகளிடம் அந்த விளைவு இல்லை. ஆக, அது நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து வேலை செய்யவில்லை, மூக்கின் வழியாகத்தான் செய்தது. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் பென்சோடயஸெபின் வகை மாத்திரைகளின் வேலையைத் தடுக்கும் ஃபுளுமஸெனில் மருந்தைக் கொடுத்ததும் விளைவு நின்றது. சுவாரசியமான முடிவுதான். ஆனால் அது எலி, ஆவி நிரம்பிய கூண்டு. கப்பன் பார்க் மெட்ரோ நிலையத்தில் கைக்குட்டையை முகரும் ஆளுக்கு அப்படியே பொருந்திவிடாது.

3. மூச்சு. இதைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. நல்ல வாசனை வந்தால் மூச்சை ஆழமாக இழுத்து மெதுவாக விடுகிறோம். மெதுவான வெளிமூச்சே இதயத் துடிப்பைக் கொஞ்சம் தணிக்கும். எண்ணெய்க்குப் போகும் பெயரில் ஒரு பங்கு உண்மையில் மூச்சுக்குச் சேர வேண்டியது.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

வாசனை ஆய்வில் தீராத ஒரு சிக்கல் உண்டு. மாத்திரை ஆய்வில் மருந்து எது, வெற்று மாத்திரை எது என்று நோயாளிக்குத் தெரியாமல் வைக்கலாம். வாசனையை எப்படி மறைப்பது? லாவெண்டர் கிடைத்தவருக்குத் தனக்கு லாவெண்டர் கிடைத்தது தெரியும். எதிர்பார்ப்பே பாதி வேலை செய்துவிடும். அதனால் 'பதற்றம் கணிசமாகக் குறைந்தது' என்று முடியும் சின்னச் சின்ன ஆய்வுகள் எத்தனை வந்தாலும் எடை கூடுவதில்லை. புற்றுநோயாளிகளுக்கு வாசனை எண்ணெய் மசாஜ் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பும் 2016இல், முடிவு சொல்லப் போதுமான தரமான சான்று இல்லை என்றுதான் எழுதியது.

இருந்தாலும் இரண்டு ஆய்வுகளைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

முதலாவது, 2010இல் வெளிவந்த லண்டன் பல் மருத்துவமனை ஆய்வு. 340 நோயாளிகள். காத்திருப்பு அறையில் சில நாள் லாவெண்டர் வாசனை, சில நாள் வாசனை இல்லை. வாசனை இருந்த நாள்களில் வந்தவர்களுக்கு அந்த நேரத்துப் பதற்றம் குறைவாக இருந்தது. ஆனால் 'நாளைக்குப் பல் வைத்தியம் என்றால் எப்படி உணர்வீர்கள்' என்ற கேள்விக்கு இரு தரப்பும் ஒரே மாதிரிதான் பதில் சொன்னார்கள். அறைக்குள் இருந்த படபடப்பு தணிந்தது, பல் வைத்தியத்தின் மீதான பயம் தணியவில்லை. வாசனை எண்ணெயின் எல்லை எது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வு அரிது.

இரண்டாவது, லாவெண்டர் மாத்திரை. இங்கேதான் மிகப் பெரிய குழப்பம். 'லாவெண்டர், லொராசெபாம் என்ற பதற்ற மாத்திரைக்குச் சமம் என்று நிரூபணமாகிவிட்டது' என்று பரவும் செய்திக்கு மூலம் ஜெர்மனியில் விற்கும் சைலெக்சான் என்ற கேப்சூல். தரப்படுத்திய 80 மில்லிகிராம் லாவெண்டர் எண்ணெய் உள்ளே இருக்கும், தினம் ஒன்று விழுங்க வேண்டும். 2010இல் வந்த ஆறு வார ஆய்வில், பொதுப் பதற்றக் கோளாறு உள்ளவர்களுக்கு இது 0.5 மில்லிகிராம் லொராசெபாம் அளவுக்கு உதவியது. 2014இல் 539 பேரிடம் நடந்த பத்து வார ஆய்வில் வெற்று மாத்திரையைவிட நன்றாகவே வேலை செய்தது.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 0.5 மில்லிகிராம் லொராசெபாம் என்பது குறைந்த அளவு. அந்த முதல் ஆய்வில் வெற்று மாத்திரைக் குழு இல்லை. ஆய்வுகளுக்குப் பின்னால் இருந்தது கேப்சூல் தயாரிக்கும் நிறுவனம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கேப்சூல் விழுங்குவது; முகர்வது அல்ல. இதை வைத்து டிஃப்யூசர் விற்பது, இட்லி மாவு ஆய்வைக் காட்டி அரிசி மூட்டை விற்பது போல.

உடனே ஒரு கணக்கு வரும். ஒரு சொட்டு லாவெண்டர் ஏறத்தாழ 40 மில்லிகிராம், அப்படியானால் இரண்டு சொட்டு குடித்தால் 80 ஆகிவிட்டதே? ஆகாது. கேப்சூலில் இருப்பது இன்னின்ன அளவில் லினலூலும் லினலைல் அசிடேட்டும் இருக்கும்படி சோதித்த எண்ணெய். மேலுறை வயிற்றில் போய்த்தான் கரையும். நம் பாட்டிலில் இருப்பது எது என்றே உறுதியில்லை. தண்ணீரில் எண்ணெய் கரையாது. மேலே மிதந்து, செறிவு குறையாமல் அப்படியே வாயிலும் தொண்டையிலும் ஒட்டி எரிக்கும். குடிக்கச் சொல்லும் யோசனையை அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

மற்ற எண்ணெய்களைப் பற்றிச் சுருக்கமாக. ஆரஞ்சு, பெர்கமோட் இரண்டுக்கும் காத்திருப்பு அறை போன்ற குறுகிய நேரச் சூழலில் ஓரளவு சாதகமான முடிவுகள் உண்டு. வெட்டிவேர், சந்தனம், மல்லிகை, கே.ஆர். மார்க்கெட்டில் குவிந்து கிடக்கும் தவனம் ஆகியவை நம் மனதுக்கு நெருக்கமானவை. பழக்கத் தொடர்பு வழியில் உதவலாம். அதற்கு மேல் மனிதர்களிடம் நடந்த வலுவான ஆய்வு என்று காட்ட ஏதுமில்லை. இலாங்-இலாங் எண்ணெய் கொஞ்சம் கூடினாலே தலைவலியும் குமட்டலும் தரும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

விலைக் கணக்கு முதல் சோதனை. சந்தன எண்ணெயை எடுத்துக்கொள்வோம். மைசூரில் 1916இல் அரசுச் சந்தன எண்ணெய் ஆலை தொடங்கிய காலம் முதல் இந்தப் பகுதியின் பெருமை அது. இன்று அசல் இந்தியச் சந்தன எண்ணெய் கிலோ ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். ஒரு லட்சம் என்றே வைத்தாலும் ஒரு கிராம் 100 ரூபாய். 10 மில்லி ஏறக்குறைய 10 கிராம். ஆக உள்ளிருக்கும் சரக்கு மட்டுமே 1,000 ரூபாய். பாட்டில் 250 ரூபாய்க்குக் கிடைத்தால் அதில் சந்தனம் இருக்க வழியில்லை.

லாவெண்டரில் வேறு வகை ஏமாற்று. லாவண்டின் என்பது லாவெண்டரின் கலப்பினம். ஒரே நிலத்தில் பல மடங்கு எண்ணெய் தரும், விலை மலிவு. அசல் லாவெண்டரில் கற்பூரச் சத்து ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்கும் கீழேயோதான் இருக்கும். லாவண்டினில் பல மடங்கு. கற்பூரம் மூளையைத் தூண்டும் பொருள். தூக்கத்துக்கு என்று வாங்கி விழித்துக் கிடப்பவர்கள் கையில் இருப்பது இதுவாக இருக்கலாம். முகர்ந்ததும் தலைவலி பாம் போல மூக்கில் சில்லென்று ஏறினால் சந்தேகப்படுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை: வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வைக்கவும். லாவெண்டர், ஆரஞ்சு போன்ற இலகுவான எண்ணெய்கள் கிட்டத்தட்ட கறையில்லாமல் போய்விடும். எண்ணெய்ப் பிசுக்கு வட்டம் நின்றால் கொழுப்போ கரைப்பானோ கலந்திருக்கிறது. இந்தச் சோதனை வெட்டிவேருக்கும் சந்தனத்துக்கும் பொருந்தாது; அவை கனமானவை, அசலாக இருந்தாலும் கறை நிற்கும். செயற்கை லினலூல் சேர்த்திருந்தால் அதையும் தாள் காட்டிக்கொடுக்காது.

அதற்கு ஜி.சி.-எம்.எஸ். என்ற ஆய்வக அறிக்கைதான் வழி. எண்ணெயைக் கூறு கூறாகப் பிரித்து எந்த மூலக்கூறு எத்தனை சதவீதம் என்று பட்டியலிடும் சோதனை அது. அறிக்கையில் மூன்றைப் பாருங்கள்: பாட்டிலில் உள்ள பேட்ச் எண்ணும் அறிக்கையின் எண்ணும் ஒன்றா, லாவெண்டரானால் லினலூலும் லினலைல் அசிடேட்டும் ஒவ்வொன்றும் 25 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா, கற்பூரம் எவ்வளவு. எந்த பேட்சுக்கும் ஒரே அறிக்கையைக் காட்டும் கடை, அறிக்கை இல்லாத கடையைவிட மோசம்.

பாட்டில் அடர்பழுப்பு அல்லது நீலக் கண்ணாடியாக இருக்க வேண்டும், சொட்டு மூடி வேண்டும். 'பதற்ற நோய் குணமாகும்' என்று லேபிளில் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். மனநோய்கள் உள்ளிட்ட பட்டியல் நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது.

பயன்படுத்தும் முறை

எளிமையான முறைதான் சிறந்தது.

1. கைக்குட்டையிலோ பஞ்சிலோ ஒரு சொட்டு, அதிகம் போனால் இரண்டு. மூக்கில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் பிடிக்கவும். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடவும். ஐந்து நிமிடம் போதும்.

2. முதல் இரண்டு வாரம் பதற்றம் இல்லாத வேளையில் மட்டும் பயன்படுத்துங்கள். இரவு படுக்குமுன், குளித்து முடித்து உட்காரும்போது. தினம் ஒரே வாசனை, ஒரே நேரம். பழக்கத் தொடர்பு இப்படித்தான் உருவாகும். நெஞ்சு படபடக்கும்போது மட்டுமே பாட்டிலைத் திறந்தால் மூளை அந்த வாசனையைப் படபடப்போடு முடிச்சுப் போட்டுவிடும். சில மாதம் கழித்து வாசனை வந்தாலே உள்ளங்கை வேர்க்கலாம்.

3. டிஃப்யூசர் என்றால் 100 மில்லி தண்ணீருக்கு மூன்று, நான்கு சொட்டு. அரை மணி நேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இருபது நிமிடத்தில் மூக்கு அந்த வாசனைக்குப் பழகி உணராமல் போய்விடும்; எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள், அடுத்த மணி நேரத்தில் தலைவலி. மார்கழிக் குளிரில் ஜன்னலை இறுக மூடிக்கொண்டு இரவு முழுக்க ஓடவிடுவது இந்த ஊரில் சகஜம். மூடிய அறையில் இந்த ஆவிகள் ஓசோனோடு வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடும் நுண்துகளும் உண்டாக்கும். ஆஸ்துமா உள்ள வீட்டில் டிஃப்யூசர் வேண்டாம்.

4. டிஃப்யூசருக்கு போர்வெல், டேங்கர் தண்ணீர் ஆகாது. அல்ட்ராசோனிக் கருவி தண்ணீரைத் துகளாக்கும்போது அதிலுள்ள உப்பையும் சேர்த்தே பறக்கவிடும். மேசை மேல் படியும் வெள்ளைப் பொடி அதுதான். நுரையீரலுக்குள்ளும் அதுவே போகும். ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள். மிச்சத் தண்ணீரை அன்றன்றே கொட்டிவிட்டு, வாரம் ஒரு முறை ஒரு ஸ்பூன் வினிகர் விட்டுத் துடைக்கவும்.

5. தோலில் தடவ, 30 மில்லி தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெய்க்கு ஆறு சொட்டு. இது ஒரு சதவீதம். 20 சொட்டு ஒரு மில்லி என்ற கணக்கு. முதல் முறை முழங்கை மடிப்பில் ஒரு துளி தடவி இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். பெர்கமோட் தனி வழக்கு: அதிலுள்ள பெர்காப்டென் வெயில் பட்டால் தோலைப் பொசுக்கும். வாசனைத் தொழிலின் பாதுகாப்பு வரம்பு 0.4 சதவீதம், அதாவது 30 மில்லிக்கு இரண்டே சொட்டு. பெர்காப்டென் நீக்கிய வகையும் கிடைக்கிறது.

6. திறந்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வையுங்கள். திறந்த தேதியை ஒட்டிவையுங்கள். லினலூலும் லிமோனினும் காற்றுப் பட்டால் ஆக்சிஜனேற்றமடைந்து, தோல் ஒவ்வாமை தரும் பொருள்களாக மாறும். ஆரஞ்சு வகையை ஒரு வருடத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பழைய பாட்டில் அரிப்புக்கு ஒரு முக்கியக் காரணம்.

நம் வீட்டுத் தைலமே பெரிய ஆபத்து

லாவெண்டரைக் கண்டு பயப்படுகிறவர்கள்கூட, ஊட்டியிலிருந்து வாங்கி வந்த நீலகிரித் தைலத்தைத் தலையணையில் தெளித்துவிட்டுத் தூங்குவார்கள். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தமிழ் வீடுகளில் ஒரு குப்பியாவது இருக்கும். 'மனசு சரியில்லை, தலை பாரமா இருக்கு' என்றால் முதலில் கை போவது அங்கேதான்.

பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர்கள் 2017இல், யூகலிப்டஸ் எண்ணெயை முகர்ந்ததால் வலிப்பு வந்தவர்களைப் பற்றி எழுதினார்கள். 2021இல் பல மருத்துவமனைகளைச் சேர்த்து விரிவான ஆய்வு வந்தது. வலிப்போடு வந்த 350 பேரில் 55 பேருக்கு எசென்ஷியல் எண்ணெயோடு தொடர்பு தெரிந்தது. பலரும் செய்தது ஆவி பிடித்ததும் தைலம், பாம் தடவியதும்தான். யூகலிப்டஸும் கற்பூரமும்தான் முக்கியக் குற்றவாளிகள். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு மட்டுமல்ல, அதுவரை வலிப்பே வராதவர்களுக்கும் வந்திருந்தது.

இதனால் வரும் நடைமுறை விதிகள்:

1. வலிப்பு வரலாறு உள்ளவர் யூகலிப்டஸ், கற்பூரம், ரோஸ்மேரி எண்ணெய்களை முகரவோ தடவவோ வேண்டாம். கற்பூரம் கலந்த பாமும் இதில் சேர்த்திதான்.
2. குழந்தைக்குச் சளி என்று மூக்கடியில் தைலம் தடவுவதை நிறுத்துங்கள். இரண்டு வயதுக்குள் எந்த எசென்ஷியல் எண்ணெயும் வேண்டாம். சிறு குழந்தை ஒரு டீஸ்பூன் யூகலிப்டஸ் எண்ணெயை விழுங்கினாலே மயக்கமும் வலிப்பும் வரலாம். ஒரு கிராம் கற்பூரம் உயிருக்கே ஆபத்து. பூஜை அலமாரிக் கற்பூர டப்பாவையும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.
3. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் வெந்துபோகும். பாட்டிலோடு நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117.
4. கர்ப்பிணிகள் மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். பூனை இருக்கும் வீட்டில் டிஃப்யூசர் வேண்டாம். இந்த மூலக்கூறுகளைச் சிதைக்கும் நொதி பூனையின் ஈரலில் குறைவு.

வீட்டில் தயாரிக்கும் 'ரூம் ஸ்ப்ரே' பற்றியும் ஒரு வார்த்தை. 2021இல் அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் நான்கு பேருக்கு மெலியாய்டோசிஸ் என்ற தொற்று வந்து இருவர் இறந்தார்கள். வெளிநாட்டுக்கே போகாதவர்களுக்கு வெப்பமண்டல மண்ணில் வாழும் கிருமி எப்படி வந்தது என்று தேடியபோது, இந்தியாவில் தயாரான லாவெண்டர்-கெமொமைல் ஸ்ப்ரேயில் அது கிடைத்தது. சுத்தமான எண்ணெயில் கிருமி வாழ்வது கடினம். தண்ணீர் சேர்ந்தால் கதை வேறு. பத்துச் சொட்டு எண்ணெயை ஒரு பாட்டில் தண்ணீரில் போட்டு மாதக்கணக்கில் அடித்துக்கொண்டிருப்பது, வாசனையோடு கிருமியையும் தெளிப்பதாகிவிடும். செய்வதானால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் செய்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

வாசனை போதாத இடம்

நேர்காணலுக்கு முன் வரும் படபடப்பு, சில்க் போர்டு நெரிசலில் வரும் எரிச்சல், ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்கும் ஒரு மணி நேரம். இவற்றுக்கு ஒரு சொட்டு ஆரஞ்சு எண்ணெயை நம்பலாம். பொதுப் பதற்றக் கோளாறு வேறு. ஆறு மாதம் அல்லது அதற்கு மேலாக, பெரும்பாலான நாள்கள், பல விஷயங்களைப் பற்றி அடக்க முடியாத கவலை. கூடவே தூக்கக் குறைவு, தசை இறுக்கம், சீக்கிரம் களைத்துப்போவது, எதிலும் கவனம் நிற்காதது. மருத்துவர்கள் ஜி.ஏ.டி.-7 என்ற ஏழு கேள்வித் தாளை வைத்து 21க்கு மதிப்பெண் போடுவார்கள். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நேரில் விரிவாகப் பரிசோதிக்க வேண்டும் என்று பொருள். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே அறிகுறிகள் வரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் எழுதுவார்கள். ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து ஃபில்டர் காபி குடிப்பவர், லாவெண்டர் வாங்கும் முன் மதியத்துக்கு மேல் காபியை விட்டுப் பார்ப்பது மலிவு.

இன்னொரு நுட்பமான சிக்கலை உளவியலாளர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். பாட்டில் பையில் இல்லாவிட்டால் மெட்ரோ ஏற முடியாது என்ற நிலைக்கு ஆள் வந்துவிடுவது. அப்போது எண்ணெய் பதற்றத்தைக் குறைக்கவில்லை. 'இது இருந்ததால்தான் பிழைத்தேன்' என்ற எண்ணத்தை வளர்த்து, பயத்தைக் கெட்டிப்படுத்துகிறது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் இதைப் பாதுகாப்பு நடத்தை என்பார்கள். சிகிச்சையின் ஒரு கட்டத்தில் பாட்டிலை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டுப் போகச் சொல்வதும் உண்டு.

பதற்றத்துக்கு மருத்துவர் எழுதித் தந்த எஸ்சிடலோபிராம் போன்ற மாத்திரையை எண்ணெயை நம்பித் திடீரென நிறுத்தினால், சில நாளில் தலைசுற்றலும் எரிச்சலும் தூக்கமின்மையும் வரலாம். 'நோய் திரும்பிவிட்டது' என்று பயந்து ஓடிவருகிறார்கள். பலருக்கு அது மாத்திரையைத் திடீரென விட்டதன் விளைவு. குறைப்பதென்றால் படிப்படியாக, மருத்துவர் சொல்லும் கணக்கில்தான்.

பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய கட்டணமில்லாச் சேவை. தேசிய அளவில் அதற்கு வழிகாட்டும் மையம் ஓசூர் ரோட்டிலுள்ள மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ். தமிழிலும் பேசலாம். மருத்துவரை நேரில் பார்க்கப் போகும்போது, மாத்திரைச் சீட்டோடு வீட்டில் புழங்கும் தைலம், பாம், டிஃப்யூசர் எண்ணெய் எல்லாவற்றின் லேபிளையும் போனில் படமெடுத்துக் கொண்டுபோங்கள். 'வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா' என்று கேட்டால் தைலத்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்த்துச் சொல்வதில்லை.